கோடு ஓடாத வெளிச்சம்

சேலைக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் டியூப் லைட்டை நம்ப மாட்டார்கள். சங்கரன்கோவிலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கடைக்குள் மாம்பழ நிறத்தில் மினுக்குகிற சேலை, வாசலுக்கு வந்ததும் வைக்கோல் நிறத்தில் இளிக்கும். அதனால்தான் சேலை எடுக்க வருகிறவர்கள் பிடித்ததைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வாசற்படிக்குப் போய்விடுவார்கள். வெயிலில் விரித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, தெருவில் போகிறவளிடம்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "வாசல் பாத்தாச்சா?" என்று கேட்காமல் ஜஸீமா ஒரு சேலைக்கும் பில் போட்டதில்லை. தெற்கு ரத வீதிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான்.

அப்பேர்ப்பட்டவள்தான் மீன் தொட்டிக்கு லைட்டு வாங்கப் போன இடத்தில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று நின்றாள். என்னத்தைச் சொல்ல.

மச்சான் என்றால் சித்தீக், அவள் புருஷன். கத்தாரில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனவன், நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். மற்றவர்கள் லீவில் வந்தால் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்குப் போவார்கள். இவன் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடித் தொட்டி வாங்கி, மண் பரப்பி, வேர்க்கட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து, நாடா போல நீளுகிற செடி, சிவப்பு இலைச் செடி, தரையோடு படர்கிற புல் என்று ஒவ்வொன்றாக நட்டான். "அங்கன ஜன்னலத் தொறந்தா மணலும் கிரேனுந்தான் ஜஸீ. பச்சையப் பாக்கணும்னா இனிமே உன் போன்லதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். அதிலிருந்து வீட்டில் அந்தத் தொட்டிக்குத் தோட்டம் என்று பேராகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன் வீடியோ கால் போட்டால் முதலில் தோட்டம், அப்புறம்தான் பெண்டாட்டி. ஜஸீமாவுக்கு அதில் கோபம் கிடையாது. கொஞ்சம் பொறாமை இருந்தது, பொய் சொல்வானேன்.

பழைய லைட்டு கரண்டு ஏறி இறங்கியதில் ஒருநாள் கருகிப்போனது. திருவேங்கடம் ரோட்டில் மீன் கடை வைத்திருக்கும் சங்கரசுப்புவிடம் போனாள். வாய் ஓயாத மனுஷன். மீன்கள் ஊமையாக இருப்பதற்கும் சேர்த்து அவரே பேசுவார்.

"மீனுக்கா தங்கச்சி, செடிக்கா?"

"ரெண்டும் இருக்கு அண்ணாச்சி."

"அப்போ செடியத்தான் நெனைக்கணும். மீனு எந்த லைட்லயும் நீந்திட்டுப் போயிரும். செடிக்கு லைட்டுதான் சோறு."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் எதையும் போனில்தான் தேர்ந்தெடுப்பார்கள். தரைக்கு டைல்ஸ், கதவுக்குக் கைப்பிடி, பெருநாளைக்குச் சட்டை, எதுவானாலும் கடைக்காரர் காட்ட, இவள் படம் பிடிக்க, அங்கே இருந்து அவன் தலையை ஆட்ட வேண்டும். அவனைக் கேட்காமல் ஒன்றை வாங்கிவிட்டால் அவன் வீட்டில் இல்லை என்பது நிச்சயமாகிவிடும் அல்லவா? அதற்கு மனசு துணியாமல்தான் இத்தனை பாடும். ஜஸீமாவும் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

சங்கரசுப்பு முதலில் ஊதா லைட்டு ஒன்றைப் போட்டார். செடி, மீன், அவருடைய பல் எல்லாம் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறின. "பேய் வீடு மாதிரி இருக்கு, வேண்டாம்" என்றான் சித்தீக். அடுத்தது சாதாரண வெள்ளை லைட்டு. ஒரு பகட்டும் இல்லை. காலை வெயிலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தொட்டிமேல் வைத்தது போல இருந்தது. இலை இலையாக இருந்தது, மண் மண்ணாக இருந்தது. ஆனால் போனில் பார்த்தால் கறுப்புக் கோடுகள், கீழிருந்து மேலே ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன.

"ஏட்டி, என்ன கோடு கோடா ஓடுது? லைட்டுல கோளாறா?"

"நேர்ல ஒண்ணும் இல்லயே மச்சான்."

"இங்கன ஓடுதே."

சங்கரசுப்பு போனுக்குள் தலையை நீட்டினார். "அது லைட்டுக் கோளாறு இல்ல தம்பி. இது விட்டு விட்டு எரியுத லைட்டு. நம்ம கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். செடி என்ன போன்லயா பாக்குது? அதுக்கு இதுதான் பகல்."

"வேற காட்டுங்க அண்ணாச்சி" என்றான் சித்தீக்.

மூன்றாவதாக நீலம் கலந்த வெள்ளை. போட்ட மாத்திரத்தில் கடையே தண்ணீருக்குள் இறங்கிவிட்ட மாதிரி ஆயிற்று. மீன்களின் முதுகில் மின்னல் ஓடியது. போனில் ஒரு கோடு இல்லை, குற்றம் இல்லை. சித்தீக் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு வந்தான்.

"கடலுக்கு அடியில இருக்க மாதிரி இருக்கு. ஜஸீ, நீ கொஞ்சம் அது பக்கத்துல வா."

அவள் தொட்டியோரமாக முகத்தைக் கொண்டு போனாள்.

"நீயும் நல்லா இருக்க" என்றான். அவ்வளவுதான், முடிந்தது வியாபாரம்.

"மீன் கலர எடுப்பாக் காட்டுத லைட்டு இது. செடிக்குச் சத்துப் பத்தாது, இப்பமே சொல்லிட்டேன்" என்றார் சங்கரசுப்பு.

"அவங்களுக்குப் புடிச்சிருக்கு அண்ணாச்சி."

"பாக்கப்போறது அவரு. என்னமும் செய்யுங்க" என்று சொல்லி அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

அந்த லைட்டு வந்த பிறகு சாயங்காலங்களின் குணமே மாறிப்போயிற்று. கடை விட்டு வந்து, கைகால் கழுவி, மஃரிப் தொழுதுவிட்டு ஜஸீமா ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். லைட்டைப் போட்டதும் சுவரெல்லாம் நீலமாகும். உத்தரத்தில் தண்ணீரின் வளையங்கள் மெதுவாக விரிந்து சுருங்கும். பக்கத்துத் தெருத் தறிகளின் சத்தம் அலைச் சத்தமாகக் கேட்கத் தொடங்கும். கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விடுவாள். நாடாச் செடிகளுக்கு நடுவே ஒரு பாதை போகும். அதில் செருப்பில்லாமல் நடப்பாள். முந்தானை மேலே மிதந்து வரும். வேர்க்கட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டில், அதில் சித்தீக் சட்டையில்லாமல் தூங்குவான். எழுப்ப வேண்டாம் என்று அவன் தலைமாட்டில் உட்காருவாள். மேலே ஒரு மீன் நிழல் போட்டுக்கொண்டு கடக்கும். குக்கர் விசில் அடித்தால்தான் கரைக்கு வருவாள்.

இப்படிக் கடலுக்குள் குடியிருந்தவளுக்குச் செடி வாடியது ஏன் தெரியவில்லை என்று கேட்டால், தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. சிவப்பு இலைகள் முதலில் சிவப்பை விட்டன, பிறகு காம்பை விட்டன. தரைப்புல் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே எழும்பி, அங்கங்கே கரைந்து காணாமல் போனது. இலைகள்மேல் பழுப்பாக ஒரு அழுக்குப் படிந்தது. கை வைத்தால் வழுக்கியது. ஆனால் திரையை இழுத்து நீல லைட்டைப் போட்டுப் போனில் பார்த்தால் அந்தப் பழுப்பு கரும்பச்சையாகத் தெரிந்தது. கரைந்துபோன இடம் நிழல் போலத் தெரிந்தது. ஜஸீமா போனை எந்தப் பக்கம் சாய்த்தால் எது மறையும் என்று கற்றுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். போன் இருந்தால் முடியும்.

அவளை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அப்படி. சித்தீக்கின் அம்மா, மாமி ஷம்சாத் பேகம், ஜஸீமா கல்யாணமாகி வந்த புதிதிலேயே சொல்லியிருந்தாள்: "பரதேசத்துல கெடக்க ஆம்பளகிட்ட நல்லதத்தான் சொல்லணும். தலவலி, காச்சலு, அழுகை ஒண்ணும் போன்ல போகக் கூடாது. அவன் அங்கன தனியாக் கெடந்து என்ன செய்வான்?" மாமி அதைச் சும்மா சொல்லவில்லை. அவள் புருஷன் சவூதியில் இருந்த காலம் முழுக்க அவளும் அப்படித்தான் இருந்தாள். ஜஸீமாவுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோதுகூட, மாமி முகத்தைத் துடைத்து, தலைசீவி, நீல வெளிச்சத்தில் உட்கார வைத்துத்தான் போனைக் கையில் கொடுத்தாள். "குளிச்சியா? முகம் பளிச்சுன்னு இருக்கு" என்றான் சித்தீக். ஆமாம் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சித்தீக் தோட்டத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்:

"கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கியான்னு கேக்காங்க ஜஸீ. அடுத்த வெள்ளிக்கெழம கழிஞ்சு ஆபீஸ் தொறந்ததும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா ஊருக்கு வந்துரலாம். ராஜபாளையத்துல ஏசி கம்பெனில கூப்புடுதாங்க. நீ என்ன சொல்லுத?"

வந்துருங்க என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. மாமி பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யுங்க மச்சான்" என்றாள் ஜஸீமா.

"ம்" என்றான் அவன். "நீயும் நல்லா இருக்க, தோட்டமும் நல்லா இருக்கு. போட்டுரலாம்னுதான் நெனைக்கேன்."

அன்று அவள் தண்ணீருக்குள் நடந்தபோது பாதை முடியவே இல்லை. வேர்க்கட்டைக்குப் பின்னால் கட்டில் இருந்தது, கட்டிலில் ஆள் இல்லை. இன்னும் ரெண்டு வருஷம் என்று மீன்கள் வாயைத் திறந்து மூடின. ஜஸீமாவுக்கு மூச்சு முட்டியது. எழுந்துபோய்க் குழாயடியில் நின்று அழுதாள்.

வார நடுவில் ஒருநாள் கரண்டு கம்பி பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை. கடையை மதியமே அடைத்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் பொன்செல்வி, வெயிலுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று ஜஸீமாவோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்குள் இருட்டு. ஜஸீமா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பொன்செல்வி காற்றுக்காகத் திரையை ஒதுக்கி ஜன்னலை விரியத் திறந்தாள். வெயில் பட்டென்று உள்ளே வந்து தொட்டிமேல் விழுந்தது.

ஜஸீமா செம்போடு வந்து நின்றாள். பட்டப்பகலில் அவளும் அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தாள். பழுப்பேறிய கண்ணாடி. தலையைத் தொங்கப்போட்ட நாடாக்கள். நடுவில் வெறும் மண்.

"ஏட்டி, இதுவா அந்தத் தோட்டம்? போட்டோவுல கண்ணப் பறிச்சுதே" என்றாள் பொன்செல்வி.

"லைட்டு போட்டா நல்லா இருக்கும்க்கா."

"லைட்டு போட்டா எதுதான் நல்லா இருக்காது? சீலையா இருந்தா வாசல் பாக்காம நீ தொட்டிருப்பியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு செம்பை வாங்கும்போது ஜஸீமாவின் முகத்தை வெயிலில் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "என்ன மக்கா, இப்படியா எலும்பும் தோலுமாப் போவ? கடை லைட்டுல எனக்குத் தெரியவே இல்லயே. அவருகிட்ட சொன்னியா?"

ஜஸீமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொன்செல்வி போன பிறகும் ஜன்னலை மூடவில்லை. வெயில் மெல்ல நகர்ந்து தொட்டியைக் குறுக்கே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் பட்ட இடத்தில், பாதி அழுகிய ஒரு இலையின் ஓரத்தில், கடுகிலும் சிறிதாக ஒரு குமிழி முளைத்தது. பெரிதாகி, நடுங்கி, இலையை விட்டுக் கழன்று மேலே போயிற்று. செடி மூச்சு விடுகிறது என்று சித்தீக் லீவில் இருந்தபோது காட்டியிருக்கிறான். நீல லைட்டு வந்ததிலிருந்து ஒரு குமிழியைக்கூட அவள் பார்த்ததில்லை. இத்தனை நாள் மூச்சு விடாமலா இருந்தாய் என்று செடியைக் கேட்டாள். கேட்டது செடியை மட்டுமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அவன் தன் இஷ்டத்துக்கா அங்கே இருக்கப் போகிறான்? இவள் காட்டுகிற செழிப்பை நம்பி அல்லவா இருக்கப் போகிறான்?

மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி, தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு சங்கரசுப்புவிடம் போனாள்.

"நான் அப்பமே சொன்னேன்லா" என்று ஆரம்பித்தார். "சொன்னா யாரு கேக்கா."

"அந்த ஊதாவையும் வெள்ளையையும் போடுங்க அண்ணாச்சி."

இந்தத் தடவை போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். சேலையைப் பார்ப்பது போலவே முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என்று பார்த்தாள். உள்ளே வந்து ஊதா லைட்டுக்குக் கீழே பிடித்தாள். இலை வேறு எதுவோ ஆனது. வெள்ளைக்குக் கீழே பிடித்தாள். மறுபடி வாசலுக்கு ஓடினாள், மறுபடி உள்ளே வந்தாள். வெயிலில் தெரிந்த பழுப்பு இங்கேயும் தெரிந்தது. வெயிலில் தெரிந்த கொஞ்சம் பச்சையும் இங்கே தெரிந்தது. எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இதான்" என்றாள்.

"தம்பிகிட்டக் கேக்க வேண்டாமா?" என்றார் சங்கரசுப்பு.

"அவங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும்."

அவருக்கு அது புரியவில்லை. இருந்தாலும், எடுத்த எடுப்பில் பகலெல்லாம் எரிய விட்டால் பாசி ஏறிவிடும், முதலில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் போதும், அழுகினதை வெட்டிவிடு, வேரைத் தொடாதே என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. ஜஸீமா திரையை இழுக்கவில்லை. முகத்துக்குப் பவுடரும் போடவில்லை. புது லைட்டு தொட்டிமேல் எரிந்துகொண்டிருந்தது. போனை நேராகத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஜஸீ, கோடு ஓடுது" என்றான் சித்தீக். "அந்த லைட்டையா வாங்கிட்ட?"

"ஓடட்டும் மச்சான். கோட்டுக்கு ஊடால பாருங்க."

அவன் பார்த்தான். வெட்டிப் போட்ட தண்டுகளையும் மொட்டை மண்ணையும் கறுப்புக் கோடுகள் ஏறி ஏறித் தாண்டின. தண்ணீர் மோட்டாரின் முனகல் இரண்டு பக்கமும் கேட்டது.

"எல்லாம் செத்துப்போச்சா?"

"பாதி போச்சு. நேத்து இன்னைக்கி இல்ல. அந்த நீல லைட்டு வந்ததுலேருந்து. நான்தான் காட்டல." போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "எனக்கு டைபாய்டு வந்துச்சு. அதையும் சொல்லல. கையெழுத்துப் போடாதீங்க மச்சான். என்னால முடியல. நீங்க வந்துருங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமிக்குக் கேட்டுவிட்டது என்று ஜஸீமாவுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை.

சித்தீக் வாயைத் திறந்தான், மூடினான். கண் கலங்கிப்போயிருந்தது. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாப்பேன் ஜஸீ. நான் இல்லாமலே எல்லாம் இப்படிச் செழிச்சுக் கெடக்கே, நான் வந்துதான் அங்கன என்னத்தச் செய்யப்போறேன்னு தோணும். உனக்கு நான் வேண்டாதவனாப் போயிட்டேன்னே நெனச்சேன்."

ஜஸீமா விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அடுப்படியிலிருந்து வந்த மாமி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். வையப் போகிறாள் என்றுதான் ஜஸீமா நினைத்தாள்.

"சித்தீக்கு," என்றாள் ஷம்சாத் பேகம். "உங்க அத்தா பொட்டியோட போனாரு, சீக்கோட வந்தாரு. நடுவுல எத்தனையோ தடவ, வரட்டுமான்னு கேட்டாரு. நல்லா இருக்கோம், நீங்க இருங்கன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். அவரு மவுத்தாகிக் கண்ண மூடும்போதுகூட எனக்கு அவரு இல்லாம முடியாதுன்னு அவருக்குத் தெரியாதுலே." அவள் ஜஸீமாவைத் திரும்பிப் பார்த்தாள். "இவ சொல்லிட்டா. எனக்குத்தான் வாய் வரல. நீ வந்துரு ராசா."

"சரிம்மா" என்றான் சித்தீக். சின்னப் பையன் போல இன்னொரு தடவையும் சொன்னான். "வாரேம்மா."

மாமி போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தலையை ஒருதரம் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஜஸீமாவும் சித்தீக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவனுக்கும் கன்னம் ஒட்டியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அதை அன்றைக்குத்தான் பார்த்தாள். இருவருக்கும் சொல்வதற்கு நல்ல சேதி என்று ஒன்றும் மிச்சமில்லை, போனை வைக்கவும் மனசு வரவில்லை.